விறகு பொறுக்கிய விருந்தாளி



கடந்த ஞாயிறு ஆராதனைக்குப் பின் சபையின் வருடாந்தச் சுற்றுலாவைக் குறித்துக் கூடிப் பேசினோம். நுவரெலியா என்றார்கள் சிலர். திருகோணமலை என்றார்கள் வேறு சிலர். குளிரூட்டிய சொகுசுப் பேருந்து, விடுதியில் ஓர் இரவு, மூன்று வேளை உணவு என்று கணக்குப் பார்த்து ஆளொன்றுக்கு இவ்வளவு என்ற தொகை வாசிக்கப்பட்டது. அப்போது பின்வரிசையிலிருந்த நால்வர் சத்தமின்றி எழுந்து வெளியே சென்றதை உங்களில் எத்தனை பேர் கவனித்தீர்களோ அறியேன். நான் கவனித்தேன். அவர்கள் கோபித்துக்கொண்டு போகவில்லை. தங்களுக்கு உரியதல்லாத ஒரு பேச்சிலிருந்து மரியாதையாக விலகிக்கொண்டார்கள். அந்த மரியாதைதான் இந்த வாரம் முழுவதும் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

அதன் பின்னரே நான், "தீவகத்துக்குப் போகலாமே" என்றேன். சிலர் சிரித்தீர்கள். "அங்கே என்ன ஐயா இருக்கிறது?" என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று நின்ற நிலையில் நான் சொன்ன பதில் போதாது. ஆகவே இன்று எழுதுகிறேன்.

முதலில் நம்மைப் பற்றிய ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நம்மில் பலர் கனடாவுக்கும் இலண்டனுக்கும் போய் வந்திருக்கிறோம். சிங்கப்பூரின் வீதிகள் நமக்குத் தெரியும். ஆனால் பண்ணைக் கடலுக்கு அப்பால், பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலான தொலைவில் இருக்கும் தீவுகளில் ஒன்றிலேனும் ஓர் இரவு தங்கியவர்கள் நம்மிடையே எத்தனை பேர்? 'தீவார்' என்ற சொல்லை நாம் எந்தத் தொனியில் உச்சரிக்கிறோம் என்பதையும் சற்று நினைத்துப் பாருங்கள். திருமணப் பேச்சுகளில் அந்தச் சொல் எப்படி எழுந்து எப்படி அடங்குகிறது என்பதைப் போதகன் என்ற முறையில் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். அறியாத ஊரைக் குறித்துத்தான் மனிதர் இலகுவாக ஏளனம் பேசுவர். போய், அவர்கள் முற்றத்தில் அமர்ந்து, அவர்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தபின் அந்த ஏளனம் நாவில் எழுவது கடினம்.

போகும் வழி கடினமானதன்று. யாழ்ப்பாணம் பேருந்து நிலையத்தில் 776 ஆம் இலக்கப் பேருந்தில் ஏறினால் அது பண்ணைத் தாம்போதி வழியாக வேலணைக்குச் சென்று, அங்கிருந்து மற்றொரு தாம்போதியால் புங்குடுதீவைக் கடந்து, குறிகட்டுவான் இறங்குதுறையில் கொண்டுபோய் விடும். இருபுறமும் ஆழமற்ற கடல். இறால் பிடிப்பதற்கு நட்ட தடிகளும், தடிகளின்மேல் அமர்ந்த நீர்க்காகங்களும் கண்ணில் படும். யன்னலோரத்தில் இருக்க ஓர் இடம் கிடைத்தால் அந்தப் பயணமே ஒரு தியானம். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் படகில் இருபது நிமிடத்துக்கு மேல் ஆகாது. நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். எழுவைதீவுக்கும் அனலைதீவுக்கும் ஊர்காவற்றுறையிலிருந்து படகு உண்டு. வேலணை, புங்குடுதீவு, மண்டைதீவு, காரைநகர் என்பன தாம்போதிகளால் கரையோடு இணைந்துவிட்டன. நான் சொன்ன இந்த நான்கு தீவுகளின் மக்கள் மட்டும் இன்றும் படகையே நம்பியிருக்கிறார்கள்.

படகு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. பேருந்தில் ஊர்காவற்றுறைக்குப் போய், அங்கிருந்து 'பாதை'யில் ஏறிச் சிறிய நீரிணையைக் கடந்தால் காரைநகர். அங்கிருந்து பொன்னாலைத் தாம்போதி வழியாக மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம். பாதையில் கடக்கும்போது கடல் நடுவே ஒரு கோட்டை தெரியும். போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கி ஒல்லாந்தர் வலுப்படுத்தியது. அதற்கு ஒல்லாந்தர் இட்ட பெயர் பன்றித்தொடை இறைச்சியின் குதிப்பகுதி என்று பொருள்படும். நம் தேசத்தின் வரைபடத்தைப் பார்த்த ஒருவருக்கு அது உணவாகத் தோன்றியிருக்கிறது! அவர்கள் நமது தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயர்களையே சூட்டினார்கள். காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆனது, அனலைதீவு ரொட்டர்டாம், வேலணை லைடன். நெடுந்தீவுக்கு இட்ட டெல்ப்ட் என்ற பெயர் மாத்திரம் இன்னும் ஆங்கில வரைபடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓர் இடத்துக்குப் போகிறவன் அந்த இடத்தில் தன்னையே காண விரும்பினால் இப்படித்தான் ஆகும். பெயரை அழித்துத் தன் பெயரை எழுதிவிடுவான். சுற்றுலாப் பயணிகளாகிய நாமும் சிறிய அளவில் அதையே செய்கிறோம். போகுமிடமெல்லாம் நம் வீட்டு உணவையும், நம் வீட்டு வசதியையும், நம் வீட்டுப் பாட்டையும் தேடுகிறோம்.

நெடுந்தீவில் என்ன இருக்கிறது என்று கேட்டவருக்குச் சொல்கிறேன். ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள அந்தத் தீவில் வளவுகளின் வேலிகள் முருகைக்கல்லால் ஆனவை. சாந்து பூசாமல், கல்லின்மேல் கல்லாக அடுக்கியே கட்டியிருக்கிறார்கள். காற்று அவற்றின் இடைவெளிகளால் ஊடுருவிச் செல்கிறது, வேலி விழுவதில்லை. ஒல்லாந்தர் கோட்டை என்று அழைக்கப்படும் முருகைக்கற் சிதைவு ஒன்று கடலோரத்தில் நிற்கிறது. ஆபிரிக்காவுக்கு உரிய பெருக்குமரம் ஒன்று உண்டு; பிள்ளைகள் அதன் உள்ளே நுழைந்து நிற்கலாம். ஐரோப்பியர் காலத்தில் வளர்க்கப்பட்டுப் பின் கைவிடப்பட்ட குதிரைகளின் வழிவந்த மட்டக்குதிரைகள் வெட்டவெளியில் கூட்டமாக மேய்கின்றன. கோடையில் அவை தண்ணீருக்காக அலைவதைக் கண்டால் புகைப்படம் எடுக்கக் கை எழாது.

இவையெல்லாம் பார்க்கத்தக்கவை. ஆயினும் அன்பானவர்களே, நான் உங்களைத் தீவுக்கு அழைப்பது குதிரையைக் காட்டுவதற்காக மாத்திரமன்று. ஏழையும் செல்வரும் ஒரே கட்டணத்தில், ஒரே பலகையில் பக்கத்துப் பக்கத்தில் அமரக்கூடிய பயணம் நம்மிடையே அரிதாகிவிட்டது. சாதாரணப் பேருந்தும் ஊர்ப் படகும் அதை இன்னும் தருகின்றன. சொகுசுப் பேருந்தில் நாம் நம்மவர்களோடு நம்மவர்களாகவே போய் வருவோம். 776 இல் நமக்கருகே இருப்பவர் சந்தையில் வெங்காயம் விற்றுத் திரும்பும் அம்மாவாக இருப்பார். அம்மன் கோயில் நேர்த்திக்குச் செல்லும் குடும்பமாக இருப்பார். நாகவிகாரையைத் தரிசிக்கத் தென்பகுதியிலிருந்து வந்த முதியவராக இருப்பார். நமக்குப் பழக்கமில்லாத அயலானோடு ஒரு மணி நேரம் தோளுரச அமர்ந்திருப்பதற்கு இந்நாட்டில் எவ்வளவு தேவை இருக்கிறது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவும் நன்று. ஆனால் குறைந்த செலவில் பயணம் செய்வது தன்னிலேயே ஒரு புண்ணியம் என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணினேன். அது எவ்வளவு தவறு என்பதை நான் கற்றுக்கொண்ட நாளைப் பற்றி இதுவரை பிரசங்கபீடத்தில் பேசியதில்லை. இன்று சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் முன்னைய சபையொன்றின் வாலிபர்கள் இருபத்திரண்டு பேருடன் நெடுந்தீவுக்குப் போனேன். ஆளொன்றுக்குச் செலவு எவ்வளவு குறைவு என்று எனக்குள் ஒரு பெருமை. காலையிலேயே குறிகட்டுவானை அடைந்து, வரிசையின் முன்னால் நின்று, படகில் நல்ல இடங்களைப் பிடித்துக்கொண்டோம். கித்தார் வாசித்துப் பாடத் தொடங்கினார்கள் பிள்ளைகள். சற்று நேரத்தில் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தவர் கையை உயர்த்தி, "இதுக்கு மேல ஏத்தேலாது" என்றார். அவர் செய்தது சரியே. படகுக்கு ஓர் அளவு உண்டு. கரையில் ஒரு வயோதிபத் தம்பதியினர் நின்றார்கள். அந்த அம்மாவின் கையில் வைத்தியசாலை மருந்துப் பை இருந்தது. முதல் நாள் நகரத்துக்கு வந்து வைத்தியரைக் கண்டு, உறவினர் வீட்டில் இரவு தங்கி, தங்கள் வீட்டுக்குத் திரும்ப வந்தவர்கள்.

நமது பிள்ளைகளில் ஒருவன் எழுந்தான். "ஐயா, நாங்கள் இரண்டு பேர் இறங்கட்டுமா?" என்று கேட்டான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "குழுவைப் பிரிக்க வேண்டாம், தம்பி. அவர்கள் அடுத்த படகில் வருவார்கள். இரு" என்றேன். படகு புறப்பட்டது. நாங்கள் பாடினோம்.

அன்று இடையில் வரவேண்டிய படகு ஓடவில்லை. பிற்பகலில் நாங்கள் திரும்பிவந்து குறிகட்டுவானில் இறங்கியபோது அந்த இருவரும் இறங்குதுறையின் நிழலில் அதே இடத்தில் அமர்ந்திருந்தார்கள். ஏறத்தாழ ஏழு மணி நேரம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்துவிடப் பார்த்தேன். அந்த அம்மா என்னைக் கூப்பிட்டார். "எங்கட ஊர் பிடிச்சுதோ ஐயா? பிள்ளையளுக்குக் குடிக்கத் தண்ணி கிடைச்சுதோ?" என்று கேட்டார். அதில் குத்தல் எதுவும் இருக்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். நான், "கிடைத்தது அம்மா" என்றேன். அதற்குமேல் எனக்கு வார்த்தை வரவில்லை. எழுந்து நின்ற அந்த வாலிபன் பேருந்தில் வீடுவரை என்னோடு பேசவில்லை. அவன் பேசாதிருந்தது நியாயம்.

அன்பானவர்களே, மலிவான பயணத்தின் விலையை யாரோ ஒருவர் செலுத்துகிறார். நமக்குக் கட்டணம் குறைவாக இருப்பதற்குக் காரணம், அந்தப் படகு தீவு மக்களின் தேவைக்காக ஓடுவதே. அது நமக்கு உலாப் படகு, அவர்களுக்கு வீதி. ஆசிரியர் பாடசாலைக்குப் போவதும், கர்ப்பிணித் தாய் நகரத்து வைத்தியரிடம் போவதும், இறந்தவரின் உடல் ஊருக்குத் திரும்புவதும் அதே வழியில்தான். அந்தக் கடல்வழியில் துயரமும் பயணம் செய்திருக்கிறது. 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் சென்ற பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நெடுந்தீவு மக்கள் ஆண்டுதோறும் அந்த நாளை நினைவுகூருகிறார்கள். அப்படிப்பட்ட ஒரு வழியில் நாம் ஏறும்போது கித்தாரை எடுக்குமுன் ஒரு நிமிடம் மௌனமாக இருப்பது தகும்.

தண்ணீரின் காரியமும் இதுவே. அந்த அம்மா தண்ணீரைக் குறித்துக் கேட்டது தற்செயலானதன்று. சுண்ணக்கல் தீவுகளில் ஆறு இல்லை. பெய்யும் மழை நிலத்துள் இறங்கி, கீழே உள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படலம்போல் மிதந்து நிற்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது ஆகையால் மேலே நிற்கிறது. கிணற்றில் அளவாக அள்ளினால் அது ஆண்டு முழுவதும் தரும். பேராசையோடு இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலெழுந்துவிடும். பிறகு அந்தக் கிணறு இனிமையை மீட்டுக்கொள்ள நெடுங்காலம் செல்லும். ஆகவே ஒரு தீவில் நாம் கை கழுவும் ஒரு வாளி நீரும் இன்னொருவரின் கோடைக்காலத்திலிருந்து எடுக்கப்பட்டதே. நாம் விட்டுவரும் பொலித்தீன் பையையும் வெற்றுப் போத்தலையும் அங்கிருந்து அகற்ற ஒரு படகுதான் வேண்டும்.

அப்போஸ்தலனாகிய பவுலின் பயணங்களை நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். அவருக்குச் சொந்தக் கப்பல் இருந்ததில்லை. சரக்கேற்றிச் செல்லும் பிறருடைய கப்பல்களில், கிடைத்த இடத்தில் பயணம் செய்தவர் அவர். உரோமாபுரிக்கு அவரைக் கைதியாகக் கொண்டுசென்றதும் தானியம் ஏற்றிய கப்பலே. அதில் 276 பேர் இருந்தார்கள் என்று லூக்கா எண்ணிக்கையோடு எழுதியிருக்கிறார். அந்தக் கப்பல் உடைந்து அவர்கள் மெலித்தா தீவில் கரையேறினார்கள். மழையிலும் குளிரிலும் நடுங்கிய அந்நியர்களுக்குத் தீவு மக்கள் நெருப்பு மூட்டி அன்பு காட்டினார்கள். நாம் பெரும்பாலும் அடுத்து வரும் விரியன் பாம்பையே பிரசங்கிக்கிறோம். அதற்குமுன் வரும் ஒரு சிறிய காரியத்தைக் கடந்துவிடுகிறோம். பாம்பு எங்கிருந்து வந்தது? பவுல் பொறுக்கி நெருப்பிலே போட்ட விறகுக் கட்டிலிருந்து. அதாவது, கப்பற்சேதத்திலிருந்து நனைந்து எழுந்த விருந்தாளி, தீவாரின் நெருப்பருகே கை நீட்டிக் குளிர்காய்ந்தபடி இருந்துவிடவில்லை. எழுந்துபோய் விறகு பொறுக்கினார். அவர்கள் நெருப்பு அணையாதிருக்கத் தன் பங்கைச் செய்தார்.

தீவுக்குச் செல்லும் ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுவே என்று நான் எண்ணுகிறேன். நான் இந்த நெருப்பில் குளிர்காய மாத்திரம் வந்தேனா? அல்லது ஒரு சுள்ளியாவது கொண்டுவந்தேனா?

இதன்மேல் நான் முன்வைக்கும் யோசனைகளை அடுத்த கூட்டத்தில் நீங்கள் தாராளமாக மறுத்துப் பேசலாம். நாம் அறுபது பேராக ஒரே நாளில் போக வேண்டாம். பத்துப் பத்துப் பேராக, வெவ்வேறு வாரங்களில், வெவ்வேறு தீவுகளுக்குப் போவோம். ஒவ்வொரு குழுவிலும் முதியோரும் வாலிபரும், வசதியுள்ளோரும் இல்லாதோரும் கலந்திருக்கட்டும். போயா விடுமுறையிலும் நயினாதீவு அம்மன் திருவிழாக் காலத்திலும் குறிகட்டுவான் நிரம்பி வழியும், அந்நாட்களைத் தவிர்ப்போம். இறங்குதுறையில் நாம் வரிசையின் கடைசியில் நிற்போம். தீவு மக்கள் எல்லாரும் ஏறியபின் இடம் இருந்தால் ஏறுவோம். இடமில்லாவிட்டால் அன்றைய நாளைப் புங்குடுதீவிலேயே கழிப்போம். அதுவும் பார்க்கத்தக்க ஊர்தான். பெரிய குழுவாகப் போயே ஆகவேண்டும் என்றால், செலவு கூடினாலும் தனியார் படகொன்றை வாடகைக்கு அமர்த்துவோம். ஊர்ப் படகை நிரப்பி மிச்சம் பிடிக்கும் பணம் நியாயமான மிச்சமன்று.

சோறும் கறியும் கட்டிக்கொண்டு போகும் வழக்கத்தையும் சற்று மாற்றுவோம். அங்குள்ள ஒரு வீட்டில் முன்கூட்டியே சொல்லிவைத்தால் மீன் குழம்போ ஒடியற் கூழோ ஆக்கித் தருவார்கள். அதற்கு உரிய பணத்தைப் பேரம் பேசாமல் கொடுப்போம். குடிநீரை நாமே கொண்டுபோவோம், வெற்றுப் போத்தல்களை நாமே கொண்டுவருவோம். படகில் உயிர்காப்பு அங்கி தந்தால் சிரிக்காமல் அணிந்துகொள்வோம். சோளகக் காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளிக்கும். படகோட்டி "இன்றைக்கு வேண்டாம்" என்றால் விவாதிக்காமல் திரும்புவோம்.

"முதியவர்களால் முடியுமா ஐயா?" என்று கேட்பீர்கள். எல்லாராலும் முடியாது, உண்மை. படகில் ஏறி இறங்கும்போது கைகொடுக்க ஆள் வேண்டும், கழிவறை வசதி குறைவு, வெயில் கடுமை. அவர்களுக்காகவே பாதை வழியாகச் செல்லும் காரைநகர்ப் பயணத்தைச் சொன்னேன். "குறைந்த செலவில் போனால் மதிப்பில்லை" என்று ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார். அந்தச் சகோதரருக்கு என் பதில் ஒன்றே. பின்வரிசையிலிருந்து எழுந்துபோன அந்த நால்வரும் நம்மோடு ஒரே பலகையில் அமர்ந்து கடலைப் பார்ப்பார்களானால், நம் சபைக்கு அதைவிடப் பெரிய மதிப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

குறிகட்டுவானில் காத்திருந்த அந்த அம்மாவைப் பின்னர் ஒருமுறை தேடிப் போனேன். பெயர் அறியாததால் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். அவருக்குக் கொடுக்கத் தவறிய இடத்தை இனி வேறொருவருக்குக் கொடுப்பதைத் தவிர எனக்கு வழியில்லை. நீங்களும் என்னோடு சேர்ந்து கொடுப்பீர்களா?

இந்த வாரம் ஒரு சிறிய பயிற்சி. பேருந்தில் ஏறும் நாளில் உங்களுக்குக் கிடைத்த இடத்தை, அது யாருடைய தேவைக்காக அங்கே இருக்கிறது என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். தேவையுள்ளவர் ஒருவர் நின்றால், எழுந்து கொடுங்கள். உங்களருகில் ஒரு பிள்ளை அப்படி எழுந்தால், தயவுசெய்து அவனை இருத்திவிடாதேயுங்கள்.

கடலையும் அதின் கரைகளையும் உண்டாக்கிய தேவன் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஆமென்.

உங்கள் போதகர்